ராணி இல்லாத 22 நாட்கள்

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த சனிக்கிழமை காலையில், யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வீட்டுக் கோடியில் மாமரத்தின் கீழ் இருக்கும் தேனீப் பெட்டியைத் திறந்து, தேன்வதை கட்டியிருந்த மூன்றாவது சட்டத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது அது என் விரல்களிலிருந்து நழுவி ஓர் அங்குலம் கீழே இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. நாலைந்து தேனீக்கள் நசுங்கியிருக்கும் என்று நினைத்து வருந்தி, மூடியை வைத்துவிட்டு உள்ளே போனேன். மறுநாள் விடியற்காலையில் பூவுக்குத் தண்ணீர் வார்க்கப் போனபோது, பெட்டி வாசலின் கீழே, இரவில் இறந்த தேனீக்களை இழுத்துப் போடும் இடத்தில், மற்றவற்றைவிட நீளமான, கரிய வயிறுடைய உடல் ஒன்று கிடந்தது. அது ராணி.

மட்டுவிலில் இருக்கும் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தப் பெட்டி அவர் தந்தது. திருச்சிராப்பள்ளியில் 1910களில் நியூட்டன் என்ற பாதிரியார் எங்கள் ஊர்த் தேனீயின் உருவத்துக்கு ஏற்ற அளவில் வடிவமைத்த பெட்டியின் வகையைச் சேர்ந்தது. 1995இல் போரினால் நடந்த இடப்பெயர்வின்போது மாமா கைவிட்டுப் போன பெட்டிகளில், திரும்பி வந்தபோது பலகை உக்காமல் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். உள்ளே மெழுகுப் பூச்சியின் வலையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லையாம். அப்படிக் காப்பாற்றப்பட்ட பெட்டியில் நான் ராணியைக் கொன்றுவிட்டேன் என்று சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது.

“அழுது என்ன பிள்ளை செய்யிறது? மூடினபடி விடு. மூண்டு நாளைக்குத் திறக்காதை. என்ன செய்யவேணும் எண்டு அதுகளுக்குத் தெரியும்,” என்றார் மாமா.

“ராணியே இல்லையே மாமா, ஆர் சொல்லுறது அதுகளுக்கு?”

“ராணி இருக்கேக்க மட்டும் ஆர் சொன்னது?”

31 வருடங்கள் கணிதம் கற்பித்த எனக்கு, ஒரு கேள்வியைச் சரியாகத் திருப்பிக் கேட்டுவிட்டால் பாதி விடை வந்துவிடும் என்பது தெரியும். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கீறிய படத்தில் மூன்று தேனீக்கள் இருக்கும்: ராணி, வேலைக்காரத் தேனீ, ஆண் தேனீ. கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவோம். ராணி ஆள்கிறாள், வேலைக்காரர் உழைக்கிறார்கள், ஆண்கள் சும்மா இருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்தப் படத்தோடு மனதில் பதிந்துவிடுகிறது. தொடர்ந்து வந்த நாட்களில் பெட்டியின் முன் பலகைக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த மூன்று வரிகளில் ஒன்றுகூட உண்மைக்கு அருகில் இல்லை என்பதைக் கண்டேன்.

ராணி என்ற சொல்லே நம்மை வழி தவறச் செய்கிறது. பழங்காலக் கிரேக்கர்கள் அந்தப் பெரிய தேனீயை அரசன் என்று நினைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டவரான ஜான் சுவாமர்டாம் அதன் வயிற்றை அறுத்து உருப்பெருக்கியின் கீழ் முட்டைப்பைகளைக் காட்டிய பின்னர் அரசன் அரசியானான். பால் மாறியதே தவிர, ஆட்சி செய்பவர் என்ற நினைப்பு மாறவில்லை. உண்மையில் ராணி எந்த வேலையையும் யாருக்கும் பகிர்ந்து கொடுப்பதில்லை. தானாக உணவு தேடி உண்ணவும் முடியாது. இளம் தேனீக்கள் அவளைச் சூழ்ந்து நின்று ஊட்டுகின்றன, துப்புரவாக்குகின்றன. அவள் வதையில் நடந்து நடந்து அறைக்கு ஒரு முட்டையாக நாளொன்றுக்குச் சில நூறு முட்டைகள் இடுகிறாள். அவளை நக்கும் தேனீக்களின் வாய்வழியே அவளுடைய சுரப்பு ஒன்று கூடு முழுவதும் கைமாறிப் பரவுகிறது. அதில் உள்ள செய்தி ஒன்றே ஒன்று: நான் இருக்கிறேன். அது குறையத் தொடங்கிய சில மணி நேரத்தில் கூட்டுக்கு விடயம் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெட்டியின் இரைச்சல் வேறாக இருந்தது. வழமையான சீரான முரலல் போய், அலையலையாக ஏறி இறங்கும் ஓசை கேட்டது. தேனீக்கள் வாசல் பலகையில் எதையோ தேடுவதுபோல் அங்குமிங்கும் ஓடின.

புதன்கிழமை மாமாவே வந்தார். சிரட்டைக்குள் தும்பை மூட்டிப் புகை காட்டி, சட்டத்தை ஆறுதலாகத் தூக்கினார். வதையின் ஓரத்தில் கச்சான் கோதைப் போல, கீழ்நோக்கித் தொங்கும் மெழுகு அறைகள் ஐந்து கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. “பாத்தியோ?” என்றார் மாமா. பழைய ராணி சனிக்கிழமைக்கு முன் இட்டிருந்த முட்டைகளிலிருந்து பொரித்த மிக இளம் புழுக்களில் ஐந்தைத் தெரிந்தெடுத்து, அவற்றைச் சுற்றியிருந்த சாதாரண அறைகளை உடைத்து அகலமாக்கியிருந்தன. அந்தப் புழுக்கள் வேலைக்காரத் தேனீக்களாக வர இருந்தவை. முதல் 3 நாட்கள் எல்லாப் புழுக்களுக்கும் இளம் தேனீக்களின் தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து வரும் பால் போன்ற உணவே கிடைக்கிறது. அதன் பின் வேலைக்காரிக்கு உரிய புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்து கொடுக்கப்படும். ராணிக்கு உரிய புழுவோ கடைசி வரைக்கும் அந்தப் பாலிலேயே மிதக்கும். முட்டையில் வேறுபாடு கிடையாது. ஊட்டுகிற தேனீக்கள் எதைக் கொடுக்கின்றன, எவ்வளவு கொடுக்கின்றன என்பதில்தான் ராணியும் வேலைக்காரியும் பிரிகிறார்கள். அப்படியானால் ஆட்சி என்று ஒன்று அங்கே இருக்குமாயின், அது ஊட்டுகிறவர்களின் கையில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் சிவப்புப் பொட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடப்பிறப்புக்கு ஒரு கிழமைக்கு முன், ராணி உயிரோடு இருந்த காலத்தில், அறை மூடியைக் கடித்துக்கொண்டு அப்போதுதான் வெளியே வந்த முப்பது தேனீக்களின் முதுகில் மருமகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒவ்வொரு பொட்டு வைத்திருந்தேன். அன்று பிறந்த தேனீ சாம்பல் பூத்த நிறத்தில், மெத்தென்று இருக்கும். அதற்குக் கொட்டத் தெரியாது. தீக்குச்சி நுனியால் தொட்டால் பேசாமல் நிற்கும். 1925இல் ஜேர்மனியில் ரோஷ் என்பவர் இவ்வாறு தேனீக்களுக்கு நிறப் பொட்டு வைத்து, ஒரே தேனீ வயதுக்கேற்ப வேலை மாற்றிக்கொண்டே போகிறது என்று எழுதினார். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை அது. ராணியின் சாவு அதை வேறு திசைக்குக் கொண்டுபோனது.

வழமையான ஒழுங்கு இதுதான். பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்கள் தேனீ, தான் வந்தது போன்ற வெற்றறைகளை நக்கித் துப்புரவாக்கும். அது துப்புரவாக்காத அறையில் ராணி முட்டையிடமாட்டாள். பிறகு மூத்த புழுக்களுக்குத் தேனும் மகரந்தமும் ஊட்டும். ஆறாம் நாள் அளவில் தலைச் சுரப்பிகள் முற்றியதும் இளம் புழுக்களுக்கும் ராணிக்கும் பாலூட்டும். இரண்டாம் கிழமையின் முடிவில் பால் வற்ற, வயிற்றின் அடிப்பக்கத்தில் உள்ள 4 சோடி மெழுகுச் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்கும். அப்போது அது கொத்தனாகிறது. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பூந்தேனை வாய்க்கு வாய் வாங்கி, நாக்கின் மேல் விரித்து விரித்து நீரை வற்றச் செய்து அறையில் ஊற்றுவதும் மகரந்தத்தைத் தலையால் இடித்து இறுக்குவதும் ஏறத்தாழ இதே வயதில்தான். மூன்று கிழமை ஆகும்போது சில தேனீக்கள் வாசலில் காவல் நிற்கின்றன. கடைசியாக வெளியே போய்ப் பூந்தேன், மகரந்தம், தண்ணீர் கொண்டுவரும் வேலை. சிறகு கிழிந்து, உடலின் மயிர் உதிர்ந்து, ஒருநாள் முருங்கைப் பூவுக்கும் பெட்டிக்கும் இடையில் எங்கோ அது விழுந்துவிடும். ஆபத்து மிகுந்த வேலை வாழ்க்கையின் கடைசிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

யாழ்ப்பாணத்து வெயிலில் இன்னொரு வேலையும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். புழுக்கள் வளரும் பகுதியை ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். சித்திரை மதியத்தில் வெளியே அதற்குக் கிட்டவே வெப்பம் இருக்கும்போது, கிணற்றடியில் வாழைக்குப் பாயும் வாய்க்காலின் ஈர விளிம்பில் தேனீக்கள் வரிசையாக நின்று தண்ணீர் உறிஞ்சுவதைக் காணலாம். அந்தத் தண்ணீரை உள்ளே மெல்லிய படலமாகப் பூசிவிட, வாசலில் நிற்பவை சிறகடித்துக் காற்று வீசுகின்றன. மேற்கு நாட்டுத் தேனீ தலையைக் கூட்டின் பக்கம் வைத்து உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். எங்கள் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும். மாமாவுக்கு இது எந்தப் புத்தகமும் சொல்லித் தெரிந்ததல்ல. “வாசல்ல நிண்டு எங்களைப் பாக்கிறது எல்லாம் காவல் எண்டு நினையாதை, அரைவாசி விசிறி,” என்பார்.

காவல் நிற்பவை வேறு விதமாக நிற்கும், முன்கால்களைச் சற்றுத் தூக்கியபடி. உள்ளே வரும் ஒவ்வொன்றையும் உணர்கொம்பால் தொட்டு மணம் பார்க்கும். செங்குளவி ஒன்று வாசலருகே மிதந்தால், பலகையில் நிற்கும் அத்தனையும் ஒரே நேரத்தில் உடலை உலுப்பும். குளவி இறங்கினால் அதைப் பந்தாக மூடிக்கொண்டு தம் உடல் வெப்பத்தாலேயே கொன்றுவிடும். ஒன்று கொட்டிவிட்டால் அந்த இடத்திலிருந்து எழும் மணம் மற்றவற்றையும் கொட்ட அழைக்கும். அது பழுத்த வாழைப்பழத்தின் மணத்தைப் போன்றது. அந்த மணத்துக்குக் காரணமான பொருள் இரண்டிலும் இருக்கிறது. கதலிப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியடிக்குப் போகாதே என்று மாமா சொன்னதன் காரணம் எனக்குப் பின்னரே விளங்கியது.

ஆனால் இந்த ஒழுங்கை நேரசூசி போல எடுத்துக்கொள்ளக் கூடாது. 1952இல் மார்ட்டின் லிண்டவர் என்ற ஜேர்மனிய ஆய்வாளர், ஒரேயொரு வேலைக்காரத் தேனீயைக் கண்ணாடிக் கூட்டில் 177 மணி நேரம் பார்த்து எழுதிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் ஏறத்தாழ 70 மணி நேரம் அது சும்மா நின்றது. இன்னும் 56 மணி நேரம் வதையில் அலைந்து திரிந்தது. தேனீயைச் சுறுசுறுப்புக்கு உதாரணமாகக் காட்டிப் பிள்ளைகளை ஏசியவள் நான். அந்த எண்களை வாசித்தபின் அப்படி ஏசவில்லை. அந்த அலைச்சல் வீண் அல்ல. எங்கே எது தேவைப்படுகிறது என்று அது பார்த்துக்கொண்டு போகிறது. பசித்த புழுவுள்ள அறை எதிர்ப்பட்டால், சுரப்பியில் பால் இருந்தால், ஊட்டும். பூந்தேனோடு வந்த தேனீயொன்று, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நீண்ட நேரம் காத்து நிற்க நேர்ந்தால், உடலை நடுங்கவிட்டபடி வதை முழுவதும் நடந்து திரியும். அந்த நடுக்கம் உள்ளே நிற்பவர்களை வாங்கும் வேலைக்கு இழுக்கிறது என்பதை 1990களின் தொடக்கத்தில் தோமஸ் சீலி காட்டினார். காத்திருந்த நேரமே அங்கே செய்தியாகிறது. யாரும் யாரையும் ஏவவில்லை.

லிண்டவரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விட மனமில்லை. தேனீயின் நடனத்தை வாசித்தறிந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபொன் ஃபிரிஷின் மாணவர் அவர். 1950களில் இலங்கைக்கு வந்து, என் பெட்டியில் இருக்கும் பொந்துத் தேனீ, மலைத்தேனீ, கொம்புத்தேனீ என்ற நமது மூன்றின் நடனங்களையும் பார்த்தார். பொந்துத் தேனீ இருட்டில், செங்குத்தான வதையில், மேல்நோக்கிய திசையைச் சூரியனின் திசையாக வைத்து ஆடுகிறது. கொம்புத்தேனீயோ வெளிக் கொப்பில் கட்டிய சிறு வதையின் தட்டையான உச்சியில், சூரியனைப் பார்த்தபடியே பூவின் திசைக்கு நேராக ஆடுகிறது. நடனம் எவ்வாறு வளர்ந்து வந்தது என்ற கேள்விக்கு நமது மரக்கொப்புகளிலேயே ஒரு விடை கிடந்திருக்கிறது.

இரண்டாம் சனிக்கிழமை திறந்தபோது ஐந்து ராணி அறைகளில் ஒன்றின் நுனி, மூடி வெட்டித் திறந்ததுபோல வட்டமாக இருந்தது. மற்ற நான்கும் பக்கவாட்டில் கிழிக்கப்பட்டிருந்தன. முதலில் வந்தவள் ஏனையோரைக் கொட்டிவிட்டாள். வேலைக்காரியின் கொடுக்கில் முள் உண்டு. கொட்டினால் அது தோலில் மாட்டிக்கொள்ள, தேனீ சாகும். ராணியின் கொடுக்கு வழுவழுப்பானது. அவள் அதைப் பயன்படுத்துவது தன்னையொத்த ராணிகளுக்கு எதிராகத்தான்.

அடுத்ததாக அவள் வெளியே பறந்து ஆண்களோடு கூடித் திரும்ப வேண்டும். அதுவரைக்கும் நான் அதிகம் கவனிக்காத ஆண் தேனீக்களை அந்தக் கிழமையில் கூர்ந்து பார்த்தேன். கொழுத்த உடல், தலையின் உச்சியில் சந்திக்கும் பெரிய கண்கள். கொடுக்கு இல்லை, மகரந்தக் கூடை இல்லை. கருக்கட்டாத முட்டையிலிருந்து பிறப்பதால் அவனுக்குத் தந்தை கிடையாது, பாட்டன் மட்டும் உண்டு. அவனைச் சோம்பேறி என்று எழுதுவது நியாயமல்ல என்று இப்போது நினைக்கிறேன். கூட்டின் வேலைகளுக்கான உறுப்புகளே அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. பறப்பதற்கும் ராணியைக் காண்பதற்கும் உரியவை மட்டும் நிறையக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. மாலை நாலேகால் மணியளவில் பெட்டி வாசலில் அவர்களுடைய கனத்த இரைச்சல் எழும்பும், ஐந்தேகாலுக்குள் அடங்கிவிடும். 1976இல் வெளிவந்த ஆய்வொன்று இலங்கையின் மூன்று வகைத் தேனீக்களின் ஆண்களும் வெவ்வேறு நேரங்களில் பறப்பதைப் பதிவு செய்திருக்கிறது: கொம்புத்தேனீ நண்பகல் 12 முதல் 2.30 வரை, பொந்துத் தேனீ 4.15 முதல் 5.15 வரை, மலைத்தேனீ மாலை 6 முதல் 6.45 வரை. ஒரே வானத்தை மூன்று இனங்களும் மணிக்கூடு பார்த்துப் பங்கிட்டதுபோல் இருக்கிறது. பறப்பில் ராணியோடு கூடுகிற ஆண் அந்தக் கணமே இறந்துவிடுகிறான். ஒரு ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறாள். அதனால் ஒரே தாயின் பிள்ளைகளாயினும் தந்தையர் பலர். ஒரு தந்தையின் பெண்கள் வெக்கை சற்று ஏறியதுமே சிறகடிப்பார்கள், இன்னொரு தந்தையின் பெண்கள் இன்னும் ஏறட்டும் என்று இருப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விசிறத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்தாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆணின் பங்கு அவன் இறந்தபின்னும் வாசல் பலகையில் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கு நித்திரை குறைவு. நாலரைக்குப் பறந்த ராணியை மின்கம்பியில் இருக்கும் பஞ்சுருட்டான் ஒன்று கொத்திக்கொண்டு போனால் கதை முடிந்தது. மீண்டும் ராணி வளர்க்கத் தகுந்த இளம் புழு பெட்டியில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் என் மற்றப் பெட்டியில் அது நடந்திருக்கிறது. ராணியும் இல்லை, புழுவும் இல்லை என்ற நிலையில் வேலைக்காரிகள் சிலவற்றின் முட்டைப்பை விழித்துக்கொள்ளும். எங்கள் தேனீயில் இது விரைவிலேயே நிகழும். ஓர் அறையில் நாலு ஐந்து முட்டைகள், அடியில் அல்லாமல் சுவரில் ஒட்டியபடி கிடந்தன. கருக்கட்டாத முட்டைகள் ஆகையால் எல்லாம் ஆண்களாகவே பிறந்தன. உழைக்க ஆள் குறையக் குறைய, ஆண்கள் கூடக் கூட, ஒன்றரை மாதத்தில் அந்தக் கூடு அணைந்துபோனது. நான் பார்த்த சாவுகளில் மெதுவானது அது.

பழைய ராணியின் கடைசி முட்டைகள் வேலைக்காரிகளாய் வெளிவர மூன்று கிழமைக்குச் சற்றுக் குறைவாக எடுத்தன. அதற்கு முன்பே, ஒன்பதாம் நாள் அளவில், ஊட்டுவதற்கு ஒரு புழுவும் இல்லாமல் போயிற்று. பாலூட்டும் வயதைத் தாண்டிக்கொண்டிருந்த என் சிவப்புப் பொட்டுகள் வேலையற்று வதையில் நின்றன. ஆறு ஏழு வெளியே போகத் தொடங்கின. மற்றவை சும்மா நின்றன. புழு வளர்க்காத காலத்தில் தேனீயின் உடலிலுள்ள ஊட்டச் சேமிப்பு செலவாகாமல் இருப்பதால் அதன் ஆயுள் நீள்கிறது என்பதை நான் அறிந்திருந்தேன். ஆனாலும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சோளகம் வீசத் தொடங்கியிருந்தது; பனங்கூடலின் இரைச்சலுக்குள் பெட்டியின் ஓசை கேட்கவில்லை. மாமா நடுச் சட்டத்தைத் தூக்கி, வெயில் என் தோளுக்கு மேலாக அறைக்குள் விழும்படி பிடித்தார். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. “அடியைப் பார் பிள்ளை, சுவரை இல்லை,” என்றார். அறையின் அடியில், நடுவில், ஒற்றை வெள்ளை நூல் துண்டு போல ஒரு முட்டை நின்றது. பக்கத்து அறையில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று.

வெள்ளிக்கிழமை தனியாகத் திறந்தேன். முட்டைகள் பொரித்துப் புழுக்கள் வந்திருந்தன. பழைய கணக்குப்படி அவற்றுக்குப் பாலூட்ட வேண்டிய வயதில், பழைய ராணியின் கடைசிப் பிள்ளைகளைத் தவிர, கூட்டில் வேறு தேனீ இல்லை. 1980களின் இறுதியில் ஜீன் ரொபின்சனும் அவரோடு சேர்ந்தவர்களும், ஒரே வயதுத் தேனீக்களை மட்டும் கொண்ட கூடுகளை உண்டாக்கி, அங்கே சில தேனீக்கள் வயது வருமுன்னரே வெளியே போவதையும் சில வயது கடந்தும் ஊட்டுவதையும் கண்டிருந்தார்கள். என் பெட்டியில் அதைக் காணக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 37 நாள் வயதான சிவப்புப் பொட்டுத் தேனீ ஒன்று புழுவுள்ள அறைக்குள் தலையை விட்டு, வயிறு மட்டும் வெளியே தெரிய, நான் மனதுக்குள் எழுபது எண்ணும் வரை அசையாமல் நின்றது. பிறகு வெளியே வந்து அடுத்த அறைக்குள் தலையை விட்டது. சட்டத்தை இருந்த இடத்தில், இந்த முறை இரண்டு கையாலும், இறக்கி வைத்தேன். மூடியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்தத்தோடு வாசல் பலகையில் வந்து இறங்கிய தேனீயின் முதுகிலும், ஓரம் உரிந்துபோன அதே சிவப்புப் பொட்டு இருந்தது.